யார் பாடினால் கானா?

(கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிலாளர்களும் கல்லூரி மாணவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



இந்தக் கூட்டம் ஒரு சண்டையிலிருந்து பிறந்தது என்று ஏற்பாடு செய்த தம்பிகள் சொன்னார்கள். பொங்கல் விழா மேடையில் மெல்லிசைக் குழுக்காரர் ஒருவர் கானா பாடியிருக்கிறார். நல்ல குரல், சுத்தமான சுருதி. கீழே உட்கார்ந்திருந்த சிலர், “இது கானாவே இல்ல, நீ யார்யா இதப் பாட?” என்று சத்தம் போட்டிருக்கிறார்கள். “பாட்டுக்கு ஏதுடா ஜாதி?” என்று மேடையிலிருந்து பதில் வந்திருக்கிறது. அதோடு மைக்கைப் பிடுங்கும் அளவுக்குப் போய்விட்டதாம். இரண்டு தரப்பும் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள் என்றும் சொன்னார்கள். நல்லது. நான் சொல்லப்போவது இரண்டு தரப்புக்குமே முழுசாகப் பிடிக்காது.

முதலில் கொஞ்சம் வெளியூர் போய் வருவோம். இதே சண்டையை அமெரிக்காக்காரர்கள் அறுபது வருஷத்துக்கும் மேலாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சோல் என்று ஓர் இசை. கறுப்பின மக்கள் தங்கள் தேவாலயங்களில் உருகிப் பாடிய பாட்டை ரே சார்ல்ஸ், சாம் குக் மாதிரி ஆட்கள் தெருவுக்கும் நடன அரங்குக்கும் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து வளர்ந்தது அது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள், ஓட்டுரிமைக்கே தெருவில் அடிவாங்கிக்கொண்டிருந்த காலத்தில் பாடியது. 1964-இல் ரைட்டியஸ் பிரதர்ஸ் என்ற இருவர் ஒரு பாட்டுப் பாடினார்கள். கறுப்பர்களுக்கான வானொலி நிலையங்கள் அதை விழுந்து விழுந்து ஒலிபரப்பின. நேரில் வந்து நின்றபோது பார்த்தால் இரண்டு பேரும் வெள்ளைக்காரர்கள். ஃபிலடெல்ஃபியாவில் ஜார்ஜி வுட்ஸ் என்ற கறுப்பின வானொலி அறிவிப்பாளர் இந்த வகைக்கு ‘நீலக்கண் சோல்’ என்று பெயர் வைத்ததாகச் சொல்வார்கள். அதில் பாராட்டும் இருக்கிறது, ஒரு குத்தலும் இருக்கிறது.

குத்தலுக்குக் காரணம் உண்டு. பிக் மாமா தார்ன்டன் என்று ஒரு கறுப்பினப் பெண். ஆள் வாட்டசாட்டம், குரல் இடி. 1952-இல் ‘ஹவுண்ட் டாக்’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். அடுத்த வருஷம் வெளியாகிக் கறுப்பர் இசைப் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் நின்றது. அந்தப் பாட்டால் தனக்குக் கிடைத்தது ஐந்நூறு டாலர் காசோலை ஒன்றுதான் என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். 1956-இல் எல்விஸ் பிரெஸ்லி அதே பாட்டைப் பாடினார். மீதி உலகத்துக்கே தெரியும். எல்விஸின் வீடு இன்றைக்குச் சுற்றுலாத் தலம். தார்ன்டன் 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு வாடகை விடுதியறையில் வறுமையில் செத்துப்போனார்.

இதைக் கேட்டதும் “பார்த்தியா, நாங்க சொன்னது சரிதானே” என்று ஒரு தரப்பு நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. அவசரப்படாதீர்கள். அந்தப் பாட்டைத் தார்ன்டனுக்காக எழுதிக் கொடுத்தவர்கள் ஜெர்ரி லீபர், மைக் ஸ்டோலர் என்ற இரண்டு யூத இளைஞர்கள். அப்போது இருவருக்கும் பத்தொன்பது வயசு. வெள்ளைக்காரப் பையன்கள் எழுதிக் கறுப்பினப் பெண் பாடி, திரும்பவும் வெள்ளைக்காரர் கைக்குப் போன பாட்டு அது. மெம்ஃபிஸ் நகரத்தில் ஸ்டாக்ஸ் என்ற நிறுவனம் சோல் இசையின் தாய்வீடு மாதிரி இருந்தது. அதை ஆரம்பித்தவர்கள் ஒரு வெள்ளைக்கார அக்காவும் தம்பியும். அங்கே வாசித்த குழுவில் இரண்டு பேர் கறுப்பர், இரண்டு பேர் வெள்ளையர். 1967-இல் அலபாமாவில் அரீத்தா ஃபிராங்க்ளின் பாடிய பாட்டு அவரைச் சோல் இசையின் ராணியாக்கியது. அந்தப் பாட்டில் அவருக்குப் பின்னால் வாசித்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரக் கிராமத்துப் பையன்கள். அப்போது இது அசலா நகலா? அரீத்தாவின் பாட்டை நகல் என்று சொல்ல எவனுக்கும் வாய் வராது.

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்புகிறேன். லண்டன் யூதப் பெண் ஏமி வைன்ஹவுஸ் 2006-இல் ‘பேக் டு பிளாக்’ என்று ஓர் ஆல்பம் போட்டார். அற்புதமான குரல், அதில் சந்தேகமே இல்லை. ஒரே இரவில் ஐந்து கிராமி விருது. அந்த ஆல்பத்தில் பல பாட்டுகளுக்கு வாசித்தது டாப் கிங்ஸ் என்ற நியூயார்க் குழு. அது ஷாரன் ஜோன்ஸ் என்ற கறுப்பினப் பாடகியின் குழு. “நீ ரொம்பக் கறுப்பு, ரொம்பக் குண்டு, ரொம்பக் குள்ளம், வயசும் ஆச்சு” என்று சொல்லி ஒரு பெரிய இசை நிறுவனக்காரர் ஒருகாலத்தில் தன்னைத் திருப்பியனுப்பியதாக ஷாரனே சொல்லியிருக்கிறார். நடுவில் சிறைக்காவலராக வேலை பார்த்தார். நாற்பது வயசு தாண்டித்தான் முதல் ஆல்பம் வந்தது. கிராமி கடைசிவரை கிடைக்கவில்லை. ஏமி திருடவில்லை. அந்த இசையை உயிராக நேசித்தார். ஆனால் அதே வாத்தியக்காரர்கள், அதே தாளம், இரண்டு பெண்களுக்கு இரண்டு வாழ்க்கை. சண்டை போட வேண்டிய இடம் இதுதான், தொண்டை இல்லை.

சரி, இப்போது நம் வண்டியில் ஏறுவோம். சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டிக்கு வரும் மின்சார ரயில் பேசின்பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று வருகிறது. கானா பிறந்து வளர்ந்த தெருக்களுக்கு நடுவில் ஓடி வந்து இந்த ஊரில் நிற்கிறது. கடைசிப் பெட்டியில் கல்லூரிப் பையன்கள் கதவோரத் தகரத்தில் தட்டுவதைக் கவனித்திருக்கிறீர்களா? உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஒரு அடி, விரல் நுனியால் இரண்டு, மோதிரம் போட்ட விரலால் கம்பியில் ஒரு ‘டிங்’. வண்டி தண்டவாளம் மாறும்போது தடதடப்பு வேகம் மாறும். தாளமும் அதோடு மாறும். எந்தப் பள்ளியிலும் சொல்லித்தராத லயஞானம் அது.  

கானாவின் ஆணிவேர் சாவு வீட்டில் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் சாமியானாவுக்கு அடியில் டோலக்கும் புல்புல் தாராவும் இறங்கும். பாடகர் முதலில் கேட்பது ஒரு துண்டுச்சீட்டு. செத்தவர் பேர், பெற்றவர் பேர், கட்டியவர், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், என்ன தொழில், எந்த நோயில் போனார், எந்தச் சாமியைக் கும்பிட்டார். சீட்டை இடது கைவிரலுக்குள் மடித்து வைத்துக்கொண்டு, சாமி பாட்டில் ஆரம்பித்து, பாடப் பாட ஒவ்வொரு பேராக உள்ளே இழுப்பார். மூத்த மருமகன் பேர் வந்தால் அவர் எழுந்து வந்து நூறு ரூபாய் வைப்பார். விட்டுப்போன பேருக்குச் சொந்தக்காரர் கோபித்துக்கொண்டு தெருமுனைக்குப் போய்விடுவார். அடுத்த சரணத்தில் அவர் பேரை வைத்து அழைத்துவர வேண்டும். மூட்டை தூக்கியவருக்கும் குப்பை அள்ளியவருக்கும் அன்று ஒரு ராத்திரி காவியம் நடக்கிறது. ஊரில் வேறு யாரும் அவரைப் பற்றி ஒரு வரி எழுதப்போவதில்லை என்பது அங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

பொங்கல் மேடையில் சத்தம் போட்ட தம்பிகளுக்கு எங்கே வலித்தது என்று இதிலிருந்து புரிகிறது. சுருதி சுத்தமாக இருந்தது, ஆனால் அந்தச் சீட்டு இல்லை.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. கானா எந்தக் காலத்திலும் ஒரே மண்ணில் விளைந்ததில்லை. கானாக்காரர்கள் பலர் தங்கள் முன்னோடி என்று கைகாட்டுவது குணங்குடி மஸ்தான் சாகிபை. அவர் ராமநாதபுரம் சீமையில் தொண்டிப் பக்கம் பிறந்த இஸ்லாமியச் சூஃபி. பட்டணத்துக்கு வந்து, வடசென்னையில் தங்கி, 1838-இல் இங்கேயே அடக்கமானவர். கானா மெட்டுகளில் கவ்வாலி இருக்கிறது, சித்தர் பாட்டு இருக்கிறது, எம்.ஜி.ஆர் படப் பாட்டு இருக்கிறது, இந்திப் பட மெட்டும் தாராளமாக இருக்கிறது. இத்தனையும் இரவல். ஆகவே “வெளியாள் தொடக்கூடாது” என்ற விதியைக் கானாவுக்குப் போட்டால் முதலில் கானாவே இருக்காது.

சினிமாவைப் பாருங்கள். தூத்துக்குடியில் பிறந்து, கொழும்பில் வளர்ந்து, திருவல்லிக்கேணிக்கு வந்து சேர்ந்த ஜே.பி. சந்திரபாபுதான் மெட்ராஸ் பாஷையைத் திரையில் நிறுத்திய முக்கியமான ஆள். போதாததற்கு வெள்ளைக்காரன் மலையில் கூவும் யோடலிங்கையும் அதற்குள் சொருகினார். 1968-இல் ‘பொம்மலாட்டம்’ படத்தில் சென்னைத் தமிழில் பாடி நாட்டையே ஆட்டிவைத்த மனோரமா, மன்னார்குடியில் பிறந்து செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் வளர்ந்தவர். தொண்ணூறுகளில் ‘காதல் கோட்டை’ போன்ற படங்களில் தேவா கானாவைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டு சேர்த்தார். இவர்கள் யாரையும் நான் குறைசொல்ல மாட்டேன். சொன்னால் நன்றிகெட்டவன் ஆவேன்.

ஒரு கணக்கு மட்டும் இடிக்கிறது. கானா மெட்டு சினிமாவில் கோலோச்சிய அத்தனை வருஷமும், கானா பாடியே சோறு தின்ற தெருப்பாடகர்கள் எங்கே இருந்தார்கள்? 2006-இல் மிஷ்கின் தன் முதல் படமான ‘சித்திரம் பேசுதடி’யில் கானா உலகநாதனைப் பாடவும் வைத்தார், திரையில் நிற்கவும் வைத்தார். கானா பாலா பெரிய அளவில் தெரியவந்தது 2012-இல், பா. ரஞ்சித்தின் ‘அட்டகத்தி’ வழியாக. 2015-இல் ‘அனேகன்’ படத்தின் டங்காமாரிப் பாட்டை தனுஷோடு சேர்ந்து மரண கானா விஜி பாடினார், எழுதியவர் ரோகேஷ். மெட்டு முதலில் போய்விட்டது. மனுஷன் போக இத்தனை வருஷம் பிடித்தது.

இன்னொரு கதவைப் பாருங்கள். இதைத்தான் இன்றைக்கு முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

வெள்ளைக்காரர் கறுப்பர் பாட்டைப் பாடுவது பற்றி இவ்வளவு நேரம் பேசினோமே, நம் பாட்டைப் பாட வந்த வெள்ளைக்காரர் ஒருவர் இருந்தார். ஜான் ஹிக்கின்ஸ். 1939-இல் அமெரிக்காவில் பிறந்தவர். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டி. ரங்கநாதனிடம் கர்நாடக இசை கற்கத் தொடங்கினார். அறுபதுகளின் நடுவில் சென்னைக்கு வந்து, டி. விசுவநாதனிடமும் கற்று, தியாகராஜ ஆராதனையில் திருவையாற்றிலேயே பாடினார். ஜனம் சொக்கிப்போனது. ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ என்று பட்டமே கொடுத்துவிட்டார்கள். இசைத்தட்டுகள் வந்தன, சபாக்கள் கூப்பிட்டன. “கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வெள்ளைக்காரர் என்றே தெரியாது” என்பதுதான் அவருக்குக் கிடைத்த பெரிய பாராட்டு. 1984-இல், நாற்பத்தைந்து வயதில், அமெரிக்காவில் மோட்டார் வாகனம் மோதி இறந்தார். அவருடைய ‘கிருஷ்ணா நீ பேகனே’ பதிவை இன்றைக்கும் கேட்கலாம். அந்தக் குரலில் உழைப்பும் பணிவும் ஒருசேரத் தெரியும்.

அவர் யாரிடம் கற்றார் என்று கவனியுங்கள். ரங்கநாதன், விசுவநாதன் இருவரும் வீணை தனம்மாளின் பேரர்கள், பாலசரஸ்வதியின் தம்பிமார். தேவதாசி மரபில் வந்த இசைக் குடும்பம். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அந்தப் பெண்களின் கலையை ‘ஆபாசம்’ என்று சொல்லி, அதைக் கழுவித் துடைத்து, வேறு வீட்டுப் பெண்கள் மேடையேறினார்கள். எல்விஸ் கதை நம் மயிலாப்பூரிலும் நடந்திருக்கிறது. ஹிக்கின்ஸ் நேராக அந்த வீட்டுக்கே போனார். பதமும் ஜாவளியும் அங்கிருந்து கற்றார். பரதநாட்டியத்தின் இசையைப் பற்றியே முனைவர் பட்ட ஆய்வு செய்தார். யாரிடம் வாங்கினேன் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். வெளியாள் பாடுவதற்கு முன்மாதிரி கேட்டால் நான் அவரைத்தான் காட்டுவேன்.

ஆனால் அவரைக் கூப்பிட்ட சபாக்களைப் பற்றி ஒரு கேள்வி கேட்காமல் இருக்க முடியவில்லை. கடல் கடந்து வந்தவருக்குத் திறந்த கதவு, வியாசர்பாடியிலிருந்து பஸ்ஸில் வரக்கூடியவருக்கு ஏன் திறக்கவில்லை? ஹிக்கின்ஸ் பாகவதர் ஆன அதே அறுபதுகளில், எழுபதுகளில் ஒரு கானாப் பாடகரையோ பறை வாசிப்பவரையோ டிசம்பர் சீசனில் யார் மேடையேற்றினார்கள்? “பாட்டுக்கு ஏதுடா ஜாதி” என்று பொங்கல் மேடையில் கேட்டவருக்கு இதுதான் என் பதில். பாட்டுக்கு ஜாதி இல்லை தம்பி, மேடைக்கு இருந்தது. மேலே இருப்பவர் கீழே வந்து பாட்டு எடுத்தால் அது கலை ஆர்வம். கீழே இருப்பவர் மேலே ஏறிப் பாடினால் அத்துமீறல். இந்தச் சாய்வு நிமிராதவரை, “யார் வேண்டுமானாலும் பாடலாம்” என்பது பாதி உண்மைதான்.

மேடை கொடுக்காவிட்டால் நாமே போட்டுக்கொள்வோம் என்று 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற இசைக்குழு முதல் நிகழ்ச்சி நடத்தியது. அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன சாதிபேதமற்ற தமிழரை நினைவில் வைத்து எடுத்த பெயர். கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில் ஏறின. சாவுக்கு மட்டும் கூப்பிட்ட பாட்டுக்காக ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்து நின்றது. அந்தக் குழுவில் பாடிய இசைவாணியை 2020-இல் பிபிசி தன் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது. கானாவுக்குள் பெண் பாடுவது அபூர்வம். “பொம்பளைக்கு என்ன கானா?” என்று கேட்டவர்கள் சபாக்காரர்கள் இல்லை, நம் ஆட்கள்தான். அசலுக்குக் காவல் நிற்கிறோம் என்பவர்கள் அடிக்கடி சொந்த வீட்டுக் கதவையே சாத்திவிடுகிறார்கள். சத்தம் போட்ட தம்பிகள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பெத்திக்குப்பம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து சிலர் வந்திருக்கிறீர்கள். உங்கள் கல்யாணங்களில் இன்றைக்கும் பைலா போடுகிறீர்கள். ஏ.ஈ. மனோகரன் பாடிய ‘சுராங்கனி’க்கு ஆடாத தமிழன் இல்லை. அந்தப் பைலாத் தாளம் எங்கிருந்து வந்தது? போர்த்துக்கீசர் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட கஃபிர் மக்களின் பாட்டோடும் ஆட்டத்தோடும் அதற்கு உறவு இருக்கிறது. புத்தளத்துக்குப் பக்கத்தில் அவர்களின் வாரிசுகள் சிறு கூட்டமாக இன்றும் இருக்கிறார்கள், இன்றும் பாடுகிறார்கள். ஆக, கறுப்பர் இசையை இரவல் வாங்கிய கூட்டத்தில் நாமும் சேர்த்திதான். அந்த மக்களின் பேர் நம் பட்டியலில் எந்த இடத்தில் இருக்கிறது என்று நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முகாம் என்றதும் ‘எஞ்சாய் எஞ்சாமி’ நினைவுக்கு வருகிறது. 2021 மார்ச்சில் வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து தெருக்குரல் அறிவு எழுதினார். பாடகி தீயோடு சேர்ந்து பாடினார், சந்தோஷ் நாராயணன் இசை. அந்த வருஷம் ஆகஸ்டில் ஒரு பெரிய இசைப் பத்திரிகையின் அட்டையில் அறிவு இல்லை. அதைப் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார். அதற்குப் பிறகுதான் அறிவுக்குத் தனியாக ஓர் இணைய அட்டை வந்தது. 2022-இல் மாமல்லபுரம் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தது, அறிவு மேடையில் இல்லை. யார் என்ன செய்தார்கள் என்று மூவரும் ஆளுக்கொரு விளக்கம் தந்தார்கள். அந்த வழக்குக்கு நான் நீதிபதி இல்லை. ஆனால் 2024-இல் சந்தோஷ் நாராயணன் ஒரு காணொளியில் சொன்னார்: கோடிக்கணக்கானோர் கேட்ட அந்தப் பாட்டிலிருந்து தங்களில் யாருக்கும் வருமானம் வந்து சேரவில்லை என்று. இது யாருடைய பாட்டு என்று நாம் ஊரெல்லாம் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். பணம் வேறு எங்கோ நின்றுகொண்டிருந்தது.

ஆகவே யார் பாடலாம் என்று கேட்டால், பாடத் தெரிந்த யாரும் பாடலாம் என்பேன். கூடவே மூன்று விஷயம் விசாரிப்பேன். யாரிடம் கற்றாய், அவர் பேரைச் சொன்னாயா, வந்த காசு அவர் தெருவுக்குப் போனதா?

கடைசியாக, இங்கே பாடுகிறவர்களுக்கும் பாட அழைக்கிறவர்களுக்கும் நடைமுறையாகச் சில வார்த்தைகள்.

2012-இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் ராயல்டியில் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்து வாங்கினாலும் அது செல்லாது, திரையரங்கில் படத்தோடு ஓடுவது மட்டும் விதிவிலக்கு. மேடையில் பாடுகிறவர் தன் பேர் சொல்லப்பட வேண்டும் என்று கேட்பதற்கும் அதே சட்டத்தில் உரிமை இருக்கிறது. எழுதுகிறவர்கள், மெட்டமைப்பவர்கள் ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகுங்கள். பாடகர்களுக்கு இஸாம்ரா (முன்பு இஸ்ரா) இருக்கிறது. ரயிலில் கட்டிய பாட்டாக இருந்தாலும் தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள், செல்போனில் பதிவு செய்து வையுங்கள். யூடியூப் சேனல்காரர் நீட்டும் தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

விழாக் கமிட்டிக்காரர்களே, அடுத்த பொங்கலுக்கும் மெல்லிசைக் குழுவைக் கூப்பிடுங்கள், கானாவும் பாடச் சொல்லுங்கள். அதே மேடைக்குச் சாவு வீட்டில் பாடுகிற ஒருவரையும் கூப்பிடுங்கள். நோட்டீஸில் இரண்டு பேரையும் ஒரே அளவு எழுத்தில் போடுங்கள். இருவருக்கும் ஒரே முன்பணம், ஒரே சாப்பாடு. அவரைப் பத்து மணிக்குப் போலீஸ் மைக்கை நிறுத்தச் சொல்லும் நேரத்துக்குத் தள்ளாமல் எட்டு மணிக்கே மேடையேற்றுங்கள்.